சின்னக் கம்பெனி, பெரிய கூட்டாளி: ஒரு முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கு என் மதிப்பெண்

பங்கு வாங்கும்போது லாப நட்டக் கணக்கைப் பார்க்கிறோம், கடன் எவ்வளவு என்று பார்க்கிறோம், நிறுவனர் கையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்றுகூடத் தோண்டிப் பார்க்கிறோம். அந்தக் கம்பெனியில் முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல என்றே இருக்கிற பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. அதுவும் நமக்குத் தரப்படுகிற ஒரு சேவைதான், அதற்கு ஆகிற செலவும் பங்குதாரர்களின் பணம்தான். ஓட்டலுக்கும் செல்போனுக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், இதற்கும் எழுதலாம்.

நான் எழுதுவது வாகனங்களுக்கு சென்சார் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியைப் பற்றி. தன்னைவிடப் பல மடங்கு பெரிய வாகன நிறுவனம் ஒன்றோடு அது ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தப் பங்கு இன்னும் என் கையில் இருக்கிறது, பெயரைப் போட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் விலையை ஏற்றிவிட எழுதியது மாதிரி ஆகிவிடும். சேவை எப்படி இருந்தது என்பது மட்டும் போதும். சின்னக் கம்பெனி பெரிய கம்பெனியோடு சேர்ந்த எந்தப் பங்கை வைத்திருப்பவரும் இதைத் தன் கம்பெனியோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் வந்த அறிவிப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பு அங்கேதான் உருவாகிறது, பிறகு அதைக் கீழே இறக்குவது ரொம்பக் கஷ்டம். பொதுவாக இந்த மாதிரி அறிவிப்புகளில் முதல் பத்தி முழுக்கப் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், அடுத்து இரண்டு தலைமை அதிகாரிகளும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் வரிகள் வரும், கடைசியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை வாசகம். இவர்கள் முதல் பத்தி முடிந்த கையோடு மூன்று விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சென்சார் தேர்வாகியிருப்பது ஒரே ஒரு வாகன மாடலுக்கு. இத்தனை எண்ணிக்கை வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரிய கம்பெனிக்குக் கிடையாது. வேறு சப்ளையரிடம் வாங்குவதற்கு அவர்களுக்குத் தடையும் இல்லை. தலைப்பில் எந்தத் தொகையும் போடவில்லை. டிசைன் வேலைக்கும் டூலிங்குக்கும் (உற்பத்திக்கான அச்சு, கருவிகள்) வரப்போகிற பணம் எவ்வளவு, அது எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்பது மட்டும் கீழே இருந்தது.

அன்றைக்கு இதைப் படித்துவிட்டுப் பலர் சலித்துக்கொண்டார்கள், நல்ல செய்தியைக்கூட இவர்களுக்கு நல்லபடியாகச் சொல்லத் தெரியவில்லை என்று. எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. காரணம் இருக்கிறது. 2013 நவம்பரில் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற கம்பெனி ஆப்பிளுக்கு சஃபயர் (கண்ணாடி போலத் தெளிவான, கீறல் விழாத கடினப் பொருள்) செய்து தர ஒப்பந்தம் போட்டது. ஆப்பிள் தரப்போகிற 57.8 கோடி டாலர் முன்பணம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆப்பிள் எவ்வளவு வாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் உற்பத்தித் திறனை ஜிடி தயாராக வைத்திருக்க வேண்டும், முன்பணத்தை 2015 தொடங்கி ஐந்து ஆண்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. எழுதித்தான் வைத்திருந்தார்கள். படித்தவர்கள் அந்தப் பணத்தை வருமானமாக எடுத்துக்கொண்டார்கள், நடைமுறையில் அது கடன். 2014 செப்டம்பரில் ஆப்பிள் அறிமுகம் செய்த ஐபோன் 6-ன் திரையில் சஃபயர் இல்லை. அக்டோபர் 6-ம் தேதி ஜிடி திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது, பங்கு ஒரே நாளில் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சொன்ன தரத்தில் சஃபயர் செய்து கொடுக்க முடியும் என்று முதலீட்டாளர்களுக்குத் தவறான நம்பிக்கை கொடுத்ததாக, அந்தக் கம்பெனி மீதும் அதன் முன்னாள் தலைமை அதிகாரி மீதும் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி 2019-ல் நடவடிக்கை எடுத்தது.

ஆகவே கட்டாயம் இல்லை என்ற அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்பதுதான் என் முதல் சோதனை. இரண்டாம் பத்தியில் இருந்தால் அந்தக் கம்பெனி நம்மைப் பெரியவர்களாக நடத்துகிறது. அடிக்குறிப்பில் இருந்தால் சட்டத்துக்காக எழுதியிருக்கிறார்கள், நமக்காக எழுதவில்லை.

அடுத்து அவர்களுடைய காலாண்டு விளக்கத் தாளில் வருகிற ஒரு அட்டவணை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இவ்வளவு பயனுள்ள ஒரு பக்கத்தை வேறு எந்தச் சின்னக் கம்பெனியிடமும் நான் பார்த்ததில்லை. மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் (காலம்கள்). முதல் பத்தியில் கையெழுத்தாகி முடிந்தது, இரண்டாவதில் கம்பெனி எதிர்பார்ப்பது, மூன்றாவதில் பெரிய கம்பெனி மட்டுமே முடிவு செய்யக்கூடியது. முதல் மாதிரி ஒப்புதல் ஆகிவிட்டதா, இரண்டாவது மாதிரி எந்தச் சோதனையில் இருக்கிறது, ஆலையைப் பார்வையிட்டு ஒப்புதல் கொடுப்பது எப்போது, வாகன உற்பத்தி எப்போது தொடங்கும் என்று ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்திருக்கும். உற்பத்தித் தொடக்கம் முதல் நாளிலிருந்தே மூன்றாவது பத்தியில்தான் இருந்தது. தேதியைக் கேட்டு எத்தனை பேர் நச்சரித்தாலும் அதை இரண்டாவது பத்திக்கு நகர்த்தவே இல்லை. வாகனத் தொழிலில் ஒரு பாகம் தேர்வாவதற்கும் அது ஓடுகிற வண்டியில் ஏறுவதற்கும் இடையில் சில ஆண்டுகள் ஆவது சாதாரணம். ஏ மாதிரி, பி மாதிரி, சி மாதிரி என்று படிப்படியாகப் போய், குளிர், வெப்பம், அதிர்வு என்று எல்லாச் சோதனையும் தாண்டி, அதன் பிறகும் மாடலே ரத்தாகிவிடுகிற சாத்தியம் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் பார்க்கும்போது, அடுத்த காலாண்டிலேயே பணம் கொட்டும் என்று நினைப்பவர்கூட கொஞ்சம் நிதானிப்பார்.

கையெழுத்தானதையும் எதிர்பார்ப்பதையும் பிரித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிகோலா என்ற மின்சார லாரிக் கம்பெனியின் கதை ஒன்றே போதும். 2020 செப்டம்பர் 8-ம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியில் 11 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும், அதன் மதிப்பு ஏறக்குறைய 200 கோடி டாலர் என்று அறிவித்தார்கள், பங்கு அன்றைக்கே 40 சதவீதம் போல ஏறியது. அப்போது ஒப்பந்தம் முடிவடைந்திருக்கவில்லை. இரண்டே நாளில் நிகோலாவின் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கடுமையான குற்றச்சாட்டுகளோடு ஒரு ஆய்வறிக்கை வெளியானது, நவம்பர் 30-ம் தேதி வந்த திருத்தத்தில் பங்கு எடுப்பது போய்விட்டது, பிக்கப் வண்டித் திட்டமும் போய்விட்டது, எரிபொருள் செல் பற்றிய ஒரு புரிந்துணர்வுக் குறிப்பு மட்டும் மிஞ்சியது, அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாத குறிப்பு. செப்டம்பரில் வாங்கியவர் கையில் இப்படி ஒரு மூன்று பத்தி அட்டவணை இருந்திருந்தால், அந்த 200 கோடியை எந்தப் பத்தியில் வைப்பது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்.

தலைப்பில் தொகை போடாததையும் இங்கேயே பாராட்டிவிடுகிறேன். மருந்துத் துறையில் இந்த வியாதி அதிகம். மொத்த மதிப்பு இத்தனை கோடி என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், அதில் முக்கால்வாசி எல்லாம் நல்லபடியாக நடந்தால் மட்டும் கிடைக்கிற மைல்ஸ்டோன் பணமாக இருக்கும். 2020 ஏப்ரலில் ஃபைசரும் பயோஎன்டெக்கும் கோவிட் தடுப்பூசிக்கான ஒப்பந்தத்தை அறிவித்தபோது, மொத்தம் 74.8 கோடி டாலர் வரை என்பதோடு, முதலில் வருவது 18.5 கோடி, அதிலும் 11.3 கோடி பங்கு முதலீடு, மீதி 56.3 கோடி வரை மைல்ஸ்டோன்களைப் பொறுத்தது என்று பிரித்தே காட்டினார்கள். அந்தக் கூட்டு வெற்றி பெற்றது உலகத்துக்கே தெரியும். வெற்றி பெறாமல் போயிருந்தால்கூட, எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு வரவில்லை என்பதில் பங்குதாரருக்கு எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. பிரித்துக் காட்டுவதற்குக் கூடுதலாக ஒரு வரிதான் ஆகிறது, அந்த ஒரு வரியைக்கூட எழுதாத கம்பெனிகளை என்ன சொல்வது.

இனி கான்கால், அதாவது முதலீட்டாளர்களோடு கம்பெனி நடத்துகிற காலாண்டுத் தொலைபேசிக் கூட்டம். ஒப்பந்தத்துக்குப் பிறகு நடந்த முதல் காலாண்டு அழைப்பில் நானும் இருந்தேன். எதிர்பார்த்தபடியே முதல் கேள்வி, வருமானம் எப்போது வரும் என்பதுதான். நிதிப் பொறுப்பில் இருப்பவர் சொன்ன பதிலை ஏறக்குறைய அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். வருஷத்தைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அது என்னுடைய ஊகமாகத்தான் இருக்கும், அந்த முடிவு எங்களிடம் இல்லை என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அது வழக்கமான நழுவல். அவர் மேலே போய், வருமானம் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டிய நான்கு விஷயங்களை வரிசையாகச் சொன்னார், எது எது முடிந்தால் எங்களுக்குத் தெரியவரும், எதை நாங்கள் வெளியே சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலேயே ஒன்று சொன்னார்: இந்தக் கூட்டிலிருந்து ஒரு பைசா வராவிட்டாலும் கையிருப்பு எந்தக் காலம் வரை தாங்கும், உற்பத்தி தள்ளிப்போனால் புதிய பங்குகள் வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டிவரும் என்று.

என்னைக் கேட்டால் அந்த அழைப்பிலேயே பெறுமானமான பதில் அதுதான். சின்னக் கம்பெனிக்கும் பெரிய கம்பெனிக்கும் நடக்கிற கூட்டில் அடிப்படையான சமமின்மை காலத்தில் இருக்கிறது. ஒரு வருஷம் தள்ளிப்போனால் பெரியவர்களுக்கு அது ஆண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. சின்னவர்களுக்கு அது சம்பளம் கொடுக்கிற பணம். ஆகவே முதலீட்டாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வருமானம் எப்போது என்பதைவிட, வராமல் எவ்வளவு நாள் தாங்குவீர்கள் என்பதுதான். இங்கே கேட்காமலே பதில் வந்தது. பின்னால் அவர்கள் உண்மையாகவே புதிய பங்கு வெளியிட்டார்கள், என் பங்கின் சதவீதம் குறைந்தது, எனக்கு அதில் சந்தோஷம் இல்லைதான், ஆனாலும் ஏமாந்த உணர்வு வரவில்லை, ஏனென்றால் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அதே அழைப்பில் ஒரு பங்குதாரர் கேட்ட கேள்வியையும் குறிப்பிட வேண்டும். பெரிய கம்பெனிக்கு வாரண்ட் (குறித்த விலையில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை) ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அருமையான கேள்வி. பெரிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகத் தன் பங்கையே சலுகையாகக் கொடுக்கிற பழக்கம் உண்டு, நீ வாங்க வாங்க என் பங்கும் உனக்கு வந்து சேரும் என்கிற மாதிரி. ஹைட்ரஜன் எரிபொருள் செல் செய்கிற பிளக் பவர் என்ற கம்பெனி 2017-ல் அமேசானுக்கும் வால்மார்ட்டுக்கும் அப்படி வாரண்ட் கொடுத்தது. கணக்கியல் விதிப்படி அந்த வாரண்டின் மதிப்பை வருவாயிலிருந்து கழிக்க வேண்டும், அதனால் 2020-ன் கடைசிக் காலாண்டில் அந்தக் கம்பெனியின் வருவாயே மைனஸ் 31.6 கோடி டாலராகப் போனது. வருவாய் மைனஸில் போகுமா என்று திகைத்தவர்கள் நிறைய. நம் கம்பெனியின் பதில் சுருக்கமாக இருந்தது: கொடுக்கவில்லை, கொடுக்க நேர்ந்தால் அதே நாளில் அறிவிப்போம்.

மின்னஞ்சல் சேவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுதினால் பதில் வருகிறது, மனிதர் எழுதிய பதிலாக வருகிறது. நான் ஒருமுறை, அட்டவணையில் இரண்டாவது மாதிரி பற்றி எழுதியிருப்பது சோதனை முடிந்ததைக் குறிக்கிறதா அல்லது தொடங்கியதையா என்று கேட்டேன். எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்று காட்டி, அதற்கு மேல் சொன்னால் மற்றவர்களுக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் சொன்னதாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது நிம்மதி. எனக்கு ஒரு குறிப்பு கசியவிட்டால், என்னைவிடப் பெரிய தொகை போட்டவருக்கு எவ்வளவு கசியும்? அமெரிக்காவில் இதைத் தடுக்க 2000-ல் ஒரு விதியே கொண்டு வந்தார்கள். முக்கியமான தகவலைச் சில பகுப்பாய்வாளர்களுக்கும் பெரிய முதலீட்டாளர்களுக்கும் மட்டும் சொல்லக்கூடாது, சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இந்தப் பிரிவு அதை மனதளவில் ஏற்றுக்கொண்டு நடக்கிறது. இன்னொரு நல்ல பழக்கம், பலரும் கேட்கிற கேள்விகளைத் தொகுத்து, பதிலோடு எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுகிறார்கள். அடுத்த காலாண்டில், நான் கேட்ட அந்தக் கேள்விக்குக் காரணமான வரியையே தெளிவாக மாற்றி எழுதியிருந்தார்கள்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய கம்பெனி தன் காலாண்டு முடிவைப் பேசும்போது, சில மாடல்களின் வெளியீடு தள்ளிப்போகிறது என்று சொன்னது. அதில் நம் சென்சார் ஏறவேண்டிய மாடலும் இருந்தது. அது பொதுவெளியில், யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி சொன்ன விஷயம். நம் கம்பெனி வாயே திறக்கவில்லை. நாட்கள் போய் வாரங்கள் ஆயின. பங்கு சரிந்துகொண்டே போனது, ஒப்பந்தமே ரத்து என்று ஒருவர் சொல்ல, வேறு சப்ளையருக்குப் போய்விட்டது என்று இன்னொருவர் சொல்ல, வதந்தி வளர்ந்துகொண்டே போனது. மின்னஞ்சலுக்கு வந்த பதில், ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருப்பதால் கருத்துச் சொல்ல இயலாது என்பது மட்டும்தான்.

ரகசியக் காப்பு என்பது நிஜமான கட்டுப்பாடுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜிடி வழக்கில் வெளியான ஆவணங்களில், ஒவ்வொரு ரகசிய மீறலுக்கும் 5 கோடி டாலர் ஆப்பிளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது தெரியவந்தது. அப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் இருந்தால் எந்தச் சின்னக் கம்பெனியும் பேசத் தயங்கும். முடிவுகள் வெளியாவதற்கு முன்னால் வாயைக் கட்டிக்கொள்கிற காலம் ஒன்று பல கம்பெனிகளில் உண்டு. ஆனால் பெரிய கம்பெனியே வெளிப்படையாகச் சொன்ன ஒன்றைச் சுட்டிக்காட்டுவதில் என்ன ரகசியம் உடையும்? எங்கள் கூட்டாளி இன்ன தேதியில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, எங்கள் கையிருப்பு பற்றி முன்பு சொன்னது மாறவில்லை, மேற்கொண்டு விவரம் காலாண்டு முடிவோடு தருகிறோம். நாலே வரி. இதில் எந்த வரிக்குப் பெரிய கம்பெனியின் அனுமதி தேவை? ஒருவேளை தேவை என்றாலும், கூட்டுச் செய்தியை அறிவித்த அன்று அனுமதி வாங்கியவர்கள் இதற்கும் வாங்கியிருக்கலாம். நல்ல செய்திக்கு மட்டும் அனுமதி கிடைக்கிறது, கெட்ட செய்திக்குக் கிடைக்கவில்லை என்றால், ஒப்பந்தம் போடும்போதே அதைப் பேசி வாங்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுசாக ஆறவில்லை. மௌனம் நடுநிலையானது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். விலை சரிகிற நேரத்தில் மௌனமும் ஒரு பதில்தான், பயந்துபோய் விற்றவர்களுக்கு அது மோசமான பதிலாக முடிந்தது.

இரண்டாவது குறை தலைமை அதிகாரியின் ஒரு வீடியோ பேட்டி. முதலீட்டாளர் பிரிவு அவ்வளவு கவனமாக எழுதிய எதையும் அவர் படிக்கவில்லையோ என்று தோன்றியது. பெரிய கம்பெனியின் சின்னம் பின்னால் தெரிய, இது ஒரு மாடலோடு நிற்காது, அவர்களுடைய எல்லா வண்டியிலும் வரும் என்று கையை விரித்துப் பேசினார். அட்டவணையின் மூன்றாவது பத்தியில் இருந்த விஷயத்தை அவர் ஒரே மூச்சில் முதல் பத்திக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் பேசினார் என்று நான் நினைக்கவில்லை, தன் பொருளின் மேல் இருக்கிற நம்பிக்கையில் பேசியிருப்பார். ஆனால் கேட்கிற முதலீட்டாளர் அந்தப் பேட்டியைத்தான் நினைவில் வைத்திருப்பார், பதினான்காம் பக்கத்து அட்டவணையை இல்லை.

அந்தப் பேட்டி கிளப்பிவிட்ட கணக்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். பெரிய கம்பெனி வருஷத்துக்கு விற்கிற மொத்த வண்டிகளை எடுத்து, அதைச் சென்சாரின் விலையால் பெருக்கி, வருகிற தொகையை இன்றைய சந்தை மதிப்போடு ஒப்பிட்டு, பங்கு பத்து மடங்கு போகும் என்று ஆளாளுக்குப் போட ஆரம்பித்தார்கள். இந்தப் பெருக்கலில் விட்டுப்போனதுதான் அதிகம். தேர்வானது ஒரு மாடலுக்கு. அந்த மாடலிலும் சென்சார் உயர்ந்த வேரியண்டில் மட்டும் வரலாம். முக்கியமான பாகத்துக்கு இரண்டாவது சப்ளையர் வைத்துக்கொள்வது வாகன நிறுவனங்களின் வழக்கம், ஆக அந்த எண்ணிக்கையும் இரண்டு பேருக்கும் பிரிந்து போகலாம். வாகன பாக ஒப்பந்தங்களில் வருஷா வருஷம் விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை சகஜம், ஆகவே இன்றைய விலையால் ஐந்தாம் வருஷத்தைப் பெருக்கக்கூடாது. உற்பத்தி தொடங்கிய முதல் வருஷம் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். கடைசியில் வருவது வருவாய், லாபம் வேறு. முதலீட்டாளர் பிரிவு நினைத்திருந்தால் இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் சரிசெய்து போட்டிருக்கலாம், எந்த எண்ணும் சொல்லாமல், எவற்றையெல்லாம் கழிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். செய்யவில்லை. தவறான நம்பிக்கை விலையை ஏற்றுகிறபோது அதைத் திருத்துவதற்கு எந்தக் கம்பெனிக்கும் அவசரம் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

மூன்றாவது, இது குறை என்பதைவிட எச்சரிக்கை. கூட்டு வெற்றி பெற்றால் வரப்போகிற ஆபத்தைப் பற்றி இவர்கள் இதுவரை பேசவே இல்லை. ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது பற்றிச் சொல்கிறேன். இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு வருவாயில் ஏறக்குறைய பாதி ஆப்பிளிடமிருந்து வந்தது. 2017 ஏப்ரலில், இன்னும் 15 மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் உங்கள் கிராபிக்ஸ் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுவோம் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது, பங்கு ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனியையே விற்பதற்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது. அங்கே கூட்டு தோற்கவில்லை, பல வருஷம் அருமையாக ஓடிய கூட்டு அது. வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று சர்வதேசக் கணக்கியல் விதியே இருக்கிறது, ஆகவே எண் எப்படியும் ஒருநாள் வெளியே வரும். அந்த எண் வருவதற்கு முன்னாலேயே, இரண்டாவது வாடிக்கையாளருக்கு என்ன முயற்சி நடக்கிறது என்று ஒவ்வொரு காலாண்டும் நாலு வரி எழுதினால் நன்றாக இருக்கும். இதை மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.

இந்தப் பங்கை வைத்திருப்பவர்களும், இதே மாதிரி பங்கை வைத்திருப்பவர்களும் செய்யக்கூடிய ஒரு எளிய வேலை இருக்கிறது: சின்னக் கம்பெனியின் அறிவிப்பை மட்டும் படிக்காமல், பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையையும் காலாண்டு உரையாடலையும் எடுத்து நம் கம்பெனியின் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் வராது. வராததாலேயே கூட்டு பொய் என்று ஆகிவிடாது, அவர்களுக்கு இது எவ்வளவு சின்ன விஷயம் என்ற அளவுகோல் கிடைக்கும். மாடல் தள்ளிப்போன செய்தியும் அங்கேதான் முதலில் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அந்த மௌனத்துக்குப் பிறகு ஏதாவது மாறியதா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. அடுத்த காலாண்டு அழைப்பில் நிதிப் பொறுப்பில் இருப்பவர், நாங்கள் முன்பே பேசியிருக்க வேண்டும் என்று சுற்றிவளைக்காமல் சொன்னார். அட்டவணையில் நான்காவதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது, போன காலாண்டுக்கும் இதற்கும் எது நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்று. பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதைப் போடாமல், பழையதையும் பக்கத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். பல கம்பெனிகளில் தள்ளிப்போன விஷயம் அடுத்த விளக்கத் தாளில் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும், நாம்தான் பழைய தாளை எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். இங்கே அந்த வேலை மிச்சம். தலைமை அதிகாரியின் பேட்டிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, அதில் யாரும் கை வைத்த மாதிரித் தெரியவில்லை.

யாருக்கு இந்தச் சேவை ஒத்துவரும் என்று கேட்டால், ஆவணங்களைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு ரொம்ப நன்றாக ஒத்துவரும். வாரா வாரம் செய்தி வேண்டும், விலைக்கு ஏற்ற மாதிரி ஆறுதல் வேண்டும் என்பவர்களுக்குச் சரிப்படாது, அவர்களுக்கு ஆறுதல் சொல்வது இந்தப் பிரிவின் வேலையும் இல்லை. மூன்றரையில் அரை மதிப்பெண் அந்த நான்காவது பத்திக்காக மட்டும் கொடுத்தது. ஆலை ஒப்புதல் இப்போதும் மூன்றாவது பத்தியில்தான் நிற்கிறது, அது நகர்கிற அன்றோ தள்ளிப்போகிற அன்றோ எத்தனை நாளில் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.